காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

“காந்தம் வைத்துப் பார்த்துத்தான் சார் வாங்கினோம், ஒட்டவே இல்லையே!” உலோகப் பரிசோதனை வேலையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர் கையில் துருப்பிடித்த தகடு ஒன்று இருக்கும்.

ஒருமுறை உப்புத் தண்ணீர் தேக்கும் தொட்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். 304 கிரேடு (குரோமியமும் நிக்கலும் கலந்த ஸ்டெயின்லெஸ் வகை) என்று சொல்லி விற்றது. ஓராண்டுகூட ஆகவில்லை, வெல்டிங் ஓரமெல்லாம் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்தால் மாங்கனீஸ் 8 சதவீதம் காட்டியது. நிக்கலோ 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. அது 304 அல்ல, நிக்கல் குறைந்த 200 வரிசைச் சரக்கு. உண்மையில் அந்தத் தண்ணீருக்கு 304-கூடப் போதாது.

காந்தம் ஏன் கண்டுபிடிக்கவில்லை? உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் அது காட்டும். துருவைத் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது. 304-இல் அந்த அடுக்கைக் காப்பது சுமார் 8 சதவீத நிக்கல். நிக்கல் விலை கூடுதல் என்பதால், 200 வரிசையில் அதைக் குறைத்து மாங்கனீஸும் நைட்ரஜனும் சேர்க்கிறார்கள். அடுக்கு மாறாது, காந்தமும் ஒட்டாது. நேர்மாறாக, 430 கிரேடில் காந்தம் பட்டென்று ஒட்டும். அதில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது, அசல் ஸ்டெயின்லெஸ்தான். நல்ல 304 தகட்டைக்கூட மடக்கினால் மடிப்பில் லேசாக ஒட்டும். அதைப் பார்த்து நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

துருவைத் தடுப்பது குரோமியம்தான். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் பட்டுத் தானே ஆறிக்கொள்ளும். இந்தப் படலத்தைத் துளைப்பது உப்பிலுள்ள குளோரைடு. அதனால்தான் 316 கிரேடில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். சரி, 316 வாங்கிவிட்டால் கவலையில்லையா? குளோரைடு கலந்த தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் சூடாகி, உலோகத்தில் இழுவிசையும் இருந்தால், 304, 316 இரண்டுமே விரிசல் விடும். அங்கே இரண்டு விதமான அணு அடுக்கும் கலந்த டூப்ளெக்ஸ் வகையை யோசியுங்கள்.

அப்புறம் வெல்டிங். 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நேரம் கழிந்தால், கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் நுண்ணிய படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் கார்பைடாகப் படியும். அதை ஒட்டிய இடம் குரோமியம் இழந்து அரிக்கத் தொடங்கும். கனமான தகடுகளை வெல்ட் செய்வதானால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 304எல், 316எல் கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எக்ஸ்ஆர்எஃப் கருவியால் கார்பனை அளக்க முடியாது. 304-க்கும் 304எல்-க்கும் அதில் வித்தியாசம் தெரியாது. மின்பொறி அடித்து அந்த ஒளியை வைத்து அளக்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் பரிசோதனை வேண்டும்.

ஆர்டரில் ‘எஸ்எஸ்’ என்று மட்டும் எழுதாதீர்கள், கிரேடை எழுதுங்கள். ஆலை தரும் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பர் (ஒரே உருக்கலில் வந்த சரக்குக்கு ஆலை கொடுக்கும் எண்) தகட்டில் அடித்த நம்பரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தகட்டை வெட்டிய பிறகு நம்பர் எந்தத் துண்டோடு போனது என்று யாருக்கும் தெரியாது. வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் எழுதிவிடுங்கள்.