குரூப் போட்டோவில் தங்கம் ஏன் வெளிறிப் போகிறது?

ஓணத்துக்கோ கல்யாணத்துக்கோ மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் எடுக்கும் குடும்பப் படங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வரும். பாட்டியின் முண்டும் நேரியலும் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும்; கசவு எனும் பொன்ஜரிகைக் கரை இருந்த இடமே தெரியாது. கழுத்தில் பத்துப் பவுன் கிடந்தாலும் படத்தில் அது எவர்சில்வர். பழி முழுக்க கேமராக்காரர் மேல் விழும். பாதி அவருக்குச் சேர வேண்டியதுதான். மீதி, யார் எதை அணிந்து எங்கே நின்றார்கள் என்பதைச் சேரும்.

தங்கத்திலிருந்து தொடங்கலாம். சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியைத் தங்கம் பெருமளவு விழுங்கிவிடும். மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். அதன் நிறம் அங்கிருந்துதான் வருகிறது. கேமராவின் சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்தே ஒளியை அளக்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பு 255. மெருகேற்றிய நகையில் பிளாஷ் பட்டால் அது கண்ணாடிபோல அப்படியே திரும்பி லென்ஸுக்குள் வரும். அந்த இடத்தில் சிவப்பு முதலில் 255ஐத் தொடும், அடுத்து பச்சை. ஒளி இன்னும் கூடினால் பின்தங்கி வந்த நீலமும் 255க்கு வந்துவிடும். மூன்றும் சமமானால் வெள்ளைதான். இப்படிப் போன மஞ்சளை எடிட்டிங்கில் மீட்க முடியாது; மஞ்சள் பூசலாம், அது பூசியது போலவே இருக்கும்.

ஒளியைக் குறைத்தால் போதுமே என்றால், முகமும் சேர்ந்து இருண்டுவிடும். மாற்ற வேண்டியது ஒளி வரும் பரப்பின் அளவு. போன் பிளாஷ் ஒரு சின்னப் புள்ளி. நகையில் அது சுட்டெரிக்கும் புள்ளியாகவே பிரதிபலிக்கும். அதே ஒளி ஒரு மீட்டர் அகலக் குடையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டுப் பரவி வந்தால், நகையில் தெரியும் பிரதிபலிப்பும் அகலமாகி மங்கும், மஞ்சள் தங்கும். பகலில் ஓட்டு வீட்டுத் திண்ணை இதற்கு அருமையான இடம்: தலைக்கு மேல் கூரை, முன்னால் திறந்த வானம். பிளாஷ் தவிர்க்க முடியாத மண்டபம் என்றால் பளபளக்கும் மெஷின் கட் சங்கிலியைவிட ஆன்டிக் மெருகு நகை நல்லது. அதன் சொரசொரப்பு ஒளியைப் பல திசையில் சிதறடித்துவிடும்.

வடசேரியில் செய்யும் கோயில் நகை மாதிரி சிவப்புக் கல் பதித்தவற்றுக்கு வேறு சிக்கல். பின்பக்கம் மூடிய கல் என்பதால் முன்னால் நுழைந்த ஒளிதான் முன்னாலேயே திரும்ப வேண்டும். விளக்கு முழுக்கப் பக்கவாட்டில் இருந்தால் கல் கறுப்பாகத் தெரியும். மலிவான எல்இடி விளக்கில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு. அங்கே கெம்பு எனும் இந்தச் சிவப்புக் கல் பழுப்படிக்கும்.

எந்த நகையைப் போடலாம் என்று நாள் முழுக்க யோசிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 12 பேர் நிற்கும் படம் தோராயமாக 4 மீட்டர் அகலத்தை அடக்கும். அதை 12 அங்குல அகலத்தில், அதாவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டரில் பிரிண்ட் போட்டால் எல்லாமே சுமார் 13 மடங்கு சிறுக்கும். அரை அங்குலக் கசவுக் கரை காகிதத்தில் 1 மில்லிமீட்டர். 2 அங்குலக் கரை 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 25 மில்லிமீட்டர் ஜிமிக்கி 2 மில்லிமீட்டர். மூக்குத்தி ஒரு ஒளிப் பொட்டு, அவ்வளவே. ஆகவே பெரிய குழுவுக்கு அகலக் கரையும் நெஞ்சு வரை இறங்கும் காசு மாலையும் பயன்படும். நுணுக்கமான பாலக்கா மாலையின் அழகு மூன்று நான்கு பேர் நிற்கும் படத்துக்குத்தான் ஒத்துவரும். வளையலும் பொட்டும் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

கசவு இழை நூலின் மேல் உலோகம் சுற்றியது, உருண்டையானது. அதனால் அது எல்லாத் திசையிலும் ஒரேபோல மின்னாது. விளக்குக்கும் லென்ஸுக்கும் இடையே இழை சரியான கோணத்தில் அமைந்த மடிப்பு மட்டும் பட்டையாக ஜொலிக்கும். பக்கத்து மடிப்பு மண் நிறத்தில் கிடக்கும். நேரியலைத் தோளில் அள்ளிப் போடாமல், கரை தட்டையாக கேமராவைப் பார்க்கும்படி ஒரே மடிப்பாக எடுத்து உள்பக்கம் பின் குத்தினால் கரை முழுதும் சீராகத் தெரியும்.

இனி வெள்ளை. இங்கேதான் பெரும்பாலான படங்கள் சொதப்புகின்றன, அதுவும் இரண்டு விதமாக. வெள்ளைப் பருத்தி தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பும். மாநிறத் தோல் அதில் மூன்றிலொரு பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவு. கேமராக்களின் பழைய வகைத் தானியங்கி ஒளி அளவீடு, காட்சியின் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யும். எல்லோரும் வெள்ளையில் நின்றால் அது படத்தை இருட்டாக்கும், முகங்கள் கறுக்கும். இன்றைய போன்களில் பல முகத்தைத் தேடிப் பிடித்து அதற்கேற்ப ஒளியைக் கூட்டும். அப்போது வெள்ளை எரிந்து கரை மறையும். கேமராவில் ரா கோப்பாக (சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, வெள்ளையின் நெசவு தெரியும் அளவுக்கு நிறுத்திக்கொண்டு, முகத்தைப் பிறகு தூக்குவது பாதுகாப்பான வழி. போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும்.

வெள்ளைக்குள்ளும் சண்டை உண்டு. பாலராமபுரம் கைத்தறியில் வெளுக்காத நூலில் நெய்த செட்டு முண்டு இளம் தந்த நிறம். பக்கத்தில் நிற்கும் மருமகனின் சட்டை சோப்புப் பொடியில் பலமுறை துவைத்தது. அந்தப் பொடியில் உள்ள வெண்மையூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழும். வெயில் வெளிச்சத்தில் புற ஊதா நிறைய இருப்பதால் சட்டை நீலம் பாரிக்கும். முண்டு அழுக்குப் போலத் தெரியும். வெள்ளைச் சமநிலையை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் நிறத் திருத்தத்தை, சட்டைக்குத் திருத்தினால் முண்டு மஞ்சளாகும், முண்டுக்குத் திருத்தினால் சட்டை நீலமாகும். இரண்டையும் ஒரே திருத்தத்தில் சரிசெய்ய வழியில்லை. முந்தின நாளே இரண்டு துணியையும் ஜன்னலோரம் அருகருகே பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீலம் தெரிந்தால் ஆண்கள் சந்தன நிறச் சட்டைக்கு மாறுவதே தீர்வு. சொட்டு நீலம் போட்ட வேட்டியும் இதே கட்சிதான், அங்கே வேலை செய்வது சாயம் என்றாலும்.

தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் பின்னணிக்கு அழகு. ஆனால் இலை வழியாக வரும் ஒளியில் பச்சைதான் மிஞ்சும். வெள்ளை நேரியல் அதை வாங்கி, தாடைக்கு அடியில் பச்சை நிழலாகத் திருப்பிவிடும். சிவப்பு ஷாலைக் கழுத்தோடு சுற்றினாலும் அப்படித்தான், அங்கே நிறம் மட்டும் சிவப்பு. தோப்பின் ஓரத்துக்கு, வானம் தெரியும் இடத்துக்கு நாலடி வெளியே வந்து நின்றால் பெரும்பாலும் தீரும்.

முன்வரிசையில் பெரியவர்களை உட்காரவைப்பது நம் மரியாதை. அவர்கள்தான் வெள்ளையும் அணிந்திருப்பார்கள். பிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால் பின்னால் கிடைப்பது முன்னால் கிடைப்பதில் 44 சதவீதம்தான். பாட்டி எரிவார், பேரன் இருள்வான். பிளாஷை இன்னும் 2 மீட்டர் பின்னே நகர்த்தினால் தூரம் 4, 5 என்றாகும். விகிதம் 64 சதவீதத்துக்கு ஏறிவிடும். நகர இடமில்லாத ஹாலில் பாட்டிக்கு ஒரு கரும்பச்சைச் சால்வை போர்த்தலாம், அவர் சம்மதித்தால்.

பொடிக்கோடு போட்ட சட்டையும் டையும் தவிர்க்க வேண்டியவை. 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். 4 மீட்டர் குழுவில் ஒரு மில்லிமீட்டர் துணிக்கு ஒன்றரைப் பிக்சல்தான் கிடைக்கும். ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்த அளவுக்குக் குறைந்தது 2 பிக்சல் வேண்டும். ஆக, 1.3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் கோடுகளைக் கேமராவால் பிரித்தறிய முடியாது. அவை இல்லாத அலைகளாகவும் வானவில் நெளிவுகளாகவும் உருமாறும். இதற்கு மோரே என்று பெயர். 4000 பிக்சல் அகலமுள்ள 12 மெகாபிக்சல் போன் படத்தில் எல்லை 2 மில்லிமீட்டர்.

மூக்குக் கண்ணாடியில் பூச்சில்லாத வில்லை ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம், இரு பக்கமும் சேர்த்து 8 சதவீத ஒளியைத் திருப்பும். எதிரொளி எதிர்ப்புப் பூச்சு இருந்தால் மிகக் குறைவு, மிஞ்சுவதும் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். தலையைக் குனியச் சொல்ல வேண்டாம். கண்ணாடிக் காலைக் காதுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் வில்லை 4 டிகிரி போலச் சாயும், பிரதிபலிப்பு அதைப்போல இரு மடங்கு கீழே விலகும். விளக்கையும் உயர்த்திவிட்டால் கண் தெளிந்துவிடும். வெயிலில் கறுக்கும் வில்லை போட்டவரைக் கடைசி நிமிடம்வரை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைக்கலாம். கறுத்துவிட்டால் தெளிய நிமிடங்கள் பிடிக்கும்.

சந்தனக் குறியை அவசரமாக வைத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். ஈரத்தில் அது அடர்ந்து தெரியும், காய்ந்ததும் வெளிறும். பத்துப் படம் எடுப்பதற்குள் நெற்றி மாறியிருக்கும். தோவாளைப் பிச்சிப்பூவைப் பின்னலோடு வைத்தால் நேர்ப்படத்தில் தெரியாது, ஒரு தோளுக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். சட்டைப் பையிலிருக்கும் போன், மணிக்கட்டுக் கறுப்புக் கயிறு, மண்டபத்துச் சாவிக் கொத்து எல்லாம் வெள்ளைத் துணியில் முகத்தைவிட முதலில் கண்ணில் படும். எடுத்த முதல் படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். முகத்தைவிட முந்திக்கொண்டு தெரிவது எதுவோ அதைக் கழற்றிவிட்டு அடுத்த படத்துக்குப் போகலாம்.