போர் தண்ணீருக்கு எந்தக் குழாய்?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஐந்து வருடம் ஓடிய சமையலறைக் குழாய் ஒன்றை அண்ணாந்து பாருங்கள். வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். கடையில் பளபளப்பையும் வளைவையும் பார்த்து வாங்குகிறோம். ஆனால் குழாய் எத்தனை நாள் உழைக்கும், எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதை முடிவு செய்வது இந்தப் பொருக்கும் மொட்டைமாடித் தொட்டியின் உயரமும்தான்.

முதலில் பொருக்கு. பர்கூர் பக்கம் அறுத்து மெருகேற்றும் கிரானைட்டைப் போன்ற கடினப் பாறைகளின் வெடிப்புகளில்தான் இங்கே போர் தண்ணீர் நிற்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையிலும் சுக்கான் கல்லிலும் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. குழாய் வாயில் காற்று பட்டதும் அந்த வாயு வெளியேறுகிறது, பிடிப்பு போன சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது.

குடிநீரின் கடினத்தன்மை (பெரும்பாலும் கரைந்திருக்கும் இந்தச் சுண்ணாம்பின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. உங்கள் வீட்டுத் தண்ணீர் 500 என்று வைத்துக்கொள்வோம். குழாயை மூடியதும் முனையில் தொங்கி நின்று காயும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர், அது விட்டுப்போவது 0.025 மில்லிகிராம் சுண்ணாம்பு. ஒரு நாளைக்கு 20 முறை மூடினால் அரை மில்லிகிராம், வருடத்துக்கு 180 மில்லிகிராமுக்கு மேல். கடைசிச் சொட்டு மட்டுமே இவ்வளவு. முனையில் இருக்கும் சல்லடையின் கண்களை அடைக்க இது தாராளம்.

அந்தச் சல்லடைக்கு ஏரேட்டர் என்று பெயர். தண்ணீரைப் பல இழைகளாகப் பிரித்து, பக்கத்துத் துளைகள் வழியே காற்றை இழுத்துக் கலந்து, தெறிக்காமல் வெள்ளையாக விழவைப்பது அதன் வேலை. காற்று கலக்கும் இடம் என்பதால் உப்பு முதலில் பிடிப்பதும் அங்கேதான். அதற்காக ஏரேட்டரே இல்லாத குழாய் வாங்க வேண்டியதில்லை. கையாலோ சின்ன ஸ்பேனராலோ கழற்ற முடிகிற ஏரேட்டரா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். குழாயோடு ஒட்டிச் செய்த முனை இந்த ஊருக்கு ஆகாது.

அடைத்துக்கொண்டால் கழற்றி அரைமணி நேரம் வினிகரில் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வீட்டில் புளி நிறைய இருக்கிறதே என்று தோன்றும். புளி பித்தளையின் கறுப்பை எடுக்கும், சுண்ணாம்பிடம் அவ்வளவாகச் செல்லாது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் எளிதில் கரையாத உப்பாகி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வினிகரின் அசிட்டிக் அமிலம் தரும் கால்சியம் அசிட்டேட்டோ நன்றாகக் கரைந்து ஓடிவிடும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் குழாய்ப் பக்கம் கொண்டுவர வேண்டாம். பொருக்கோடு குரோம் பூச்சும் போய்விடும்.

இரண்டாவது, தொட்டியின் உயரம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் மொட்டைமாடியில் தொட்டி, அதிலுள்ள தண்ணீர் மட்டத்துக்கும் சிங்க் குழாய்க்கும் 10 அடி வித்தியாசம் என்றால், கிடைப்பது சுமார் 0.3 பார். ஒரே கைப்பிடியில் சுடுநீரும் குளிர்நீரும் கலக்கும் மிக்ஸர், இழுத்து நீட்டும் ஷவர் வைத்த குழாய் இவற்றில் பல 1 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தை எதிர்பார்த்து, குறுகலான உள்வழிகளோடு செய்தவை. கடையில் பம்பு வைத்து ஓட்டிக் காட்டும்போது கொட்டும். வீட்டில் நூலாக வரும்.

தொட்டியைத் தூக்கி வைத்தால் சரியாகிவிடுமா? ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் தண்ணீர் 1.4 மடங்குதான். வாங்கும் முன் பழைய குழாயின் ஏரேட்டரைக் கழற்றிவிட்டு, முழுதாகத் திறந்து, ஒரு லிட்டர் பாத்திரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 10 நொடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். சாதாரணக் குழாய்க்கு அது போதும். அதைவிட மெதுவாக நிறைந்தால், பம்பு வைக்கும் எண்ணம் இல்லாதவர்கள் நீட்டும் ஷவர் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இனி உள்ளே இருக்கும் வால்வு. பழைய திருகு குழாயில் ரப்பர் வாசர் கீழிறங்கி பித்தளைத் திட்டின்மேல் அழுந்தி நீரை நிறுத்தும். மணலோ உப்புத்துணுக்கோ நடுவில் மாட்டினால் வாசர் வெட்டுப்படும். சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்கித் திருகுவோம், வெட்டு ஆழமாகும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் போகும். அந்தக் கசிவு நீர் நாளடைவில் பித்தளைத் திட்டையே அரித்து வரி போட்டுவிட்டால், புது வாசர் போட்டும் நிற்காது.

கால் சுற்றுத் திருப்பிலேயே திறந்து மூடும் குழாயில் ரப்பர் வாசருக்குப் பதில் இரண்டு பீங்கான் வட்டுகள். கீழ்வட்டு அசையாது, மேல்வட்டு கைப்பிடியோடு திரும்பும். இரண்டிலும் உடுக்கையை நெடுக்கே வெட்டியது போன்ற திறப்பு. திறப்பும் திறப்பும் நேராக நின்றால் தண்ணீர் வரும், 90 பாகை திருப்பினால் மூடிக்கொள்ளும். கண்ணாடிபோல் மெருகேறிய முகங்கள் என்பதால் இடையில் நீர் நுழைய இடமில்லை. வட்டு அலுமினா என்ற பீங்கான், கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவில் அதன் கடினம் 9. மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, படியும் சுண்ணாம்பு வெறும் 3. அதனால் வட்டு எளிதில் தேயாது. கெடுவது அதன் பின்னாலுள்ள ரப்பர் வளையம். அது இறுகினால் கசியும். வட்டுகளுக்கு இடையே தடவிய கிரீஸ் போய்விட்டால் கைப்பிடி இறுகும். அப்போது முரட்டுத்தனமாகத் திருப்பினால் வட்டு உடையும். வட்டுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்கும் மாதிரியா என்று கேட்டு வாங்குங்கள். ஊர்க் கடையில் உதிரிபாகம் கிடைக்காத குழாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் தண்டம்தான்.

உடம்பு பித்தளையா என்று காந்தம் சொல்லாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. சுவருக்குள் போகும் மரைப் பக்கம் உள்ளே எட்டிப் பாருங்கள். பூச்சு படாத இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பலாக இருந்தால் துத்தநாகக் கலவை. கையில் தூக்கினாலும் பித்தளை கனக்கும். உப்புத் தண்ணீரில் குரோம் கொப்பளித்து உரிவது துத்தநாகக் கலவையில்தான் அதிகம். பிளாஸ்டிக் பி.டி.எம்.டி. குழாயை உப்பு அரிக்காது. துணி துவைக்கும் இடத்துக்கு அது தாராளம்.

அளவில் பலர் கோட்டைவிடுவது குடத்தில். சிங்குக்குள் குடத்தை வைத்து, அதன் வாயிலிருந்து குழாய் முனைக்கு இரண்டு விரல் இடைவெளி வருமா என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அன்னக்கழுத்துக் குழாய் இதற்கென்றே ஆனது. தேவைக்கு மேல் உயரம் போனால் தண்ணீர் வேகம் பிடித்து விழுந்து புடவையை நனைக்கும். நீர் விழும் இடம் சிங்கின் நடுவில் இருக்கட்டும்.

இன்னொன்று, போர் தண்ணீரையும் குடிநீரையும் ஒரே குழாய்க்குக் கொண்டுவர வேண்டாம். 2013இல் ஓடத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டங்களின் ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கவே வந்தது. ஃப்ளோரைடை ஏரேட்டரும் தடுக்காது, காய்ச்சினாலும் போகாது. காவிரித் தண்ணீருக்குத் தனிக் குழாய் வையுங்கள். பித்தளையில் சிறிது ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் இரவு முழுக்கத் தேங்கிய முதல் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொள்ளலாம்.

மாட்டும்போது மெயின் வால்வை மூடி, பழையதைக் கழற்றியதும் ஒரு நிமிடம் வெறும் லைனைத் திறந்துவிடுங்கள். துருவும் மணலும் வெளியேறிவிடும். இல்லையென்றால் அவை நேராகப் புது வட்டுக்குள் போகும். அரை அங்குல மரையில் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றில் 10, 12 சுற்று. எதிர்ச்சுற்றில் சுற்றினால் திருகும்போதே உரிந்து சுருளும். கையால் இறுகியபின் ஸ்பேனரில் ஒரு சுற்றுக்குள் நேராக நிற்க வேண்டும். கூடிப்போனது என்று பின்னால் திருப்பினால் டேப்பின் பிடி விட்டுக் கசியும்; கழற்றிப் புது டேப் சுற்றித்தான் மாட்ட வேண்டும். ஓங்கி இறுக்கினால் சுவருக்குள் இருக்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு) விரியும், டைல்ஸை உடைத்துத்தான் மாற்ற முடியும். மாட்டிய மறுநாள் காலை, குழாய் சுவரைத் தொடும் இடத்தில் காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை அழுத்திப் பாருங்கள். ஈரம் ஏறியிருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.