இடம் பெயராத ஒன்றை ‘இடம்பெயர்ந்த திசு’ என்பானேன்?

நாயின் சிறுகுடலில், இருக்கக்கூடாத இடத்தில், இரைப்பையின் உள்சவ்வு ஒரு திட்டாக அமைந்திருப்பதுண்டு. அரிதான சங்கதிதான். மருத்துவத்தில் இந்த நிலைக்கு ஹெட்டரோடோபியா என்று பெயர். கிரேக்கத்தில் ஹெட்டரோஸ் என்றால் வேறு, டோபோஸ் என்றால் இடம். வேறு + இடம் = வேற்றிடம். ஆக, ‘வேற்றிடத் திசு’. வேற்றூர், வேற்றாள் என்று புழங்குகிற நமக்கு இது புதுச்சொல்லே இல்லை.

இத்தனை எளிதாகக் கையில் கிடைப்பதை விட்டுவிட்டு, ‘இடம்பெயர்ந்த இரைப்பைத் திசு’ என்று எழுதுகிறார்கள். செல்போனில் சுற்றுகிற நாய் வளர்ப்புக் குறிப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எது பெயர்ந்தது? எங்கிருந்து கிளம்பி எங்கே வந்தது? கருவில் உணவுப்பாதை முழுவதும் முதலில் ஒரே குழாய்தான். அப்புறம்தான் இந்தப் பகுதி இரைப்பை, அந்தப் பகுதி குடல் என்று பிரிகிறது. அந்தப் பிரிவினையில் குடல் பகுதியில் ஒரு சிறு இடம் இரைப்பையின் தன்மையை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. அது பிறந்ததும் அங்கேதான், வளர்ந்ததும் அங்கேதான்.

சொல்லில் என்ன இருக்கிறது, விட்டுத்தள்ளு என்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் கன்னி இன நாய் வளர்க்கிற ஒருவர் என்னிடம் கேட்டது இது: “அண்ணே, இரைப்பை எடம்பேந்து கீழ எறங்கிருச்சாம்ல, வழிச்சு மேல ஏத்திவிட முடியாதா?” அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவி வழித்துவிடுகிற ஊர் இது. குடலிறக்கம் என்ற சொல்லும் எல்லார் வாயிலும் இருக்கிறது. பெயர்ந்தது என்று எழுதினால், திரும்ப ஏற்றிவிடலாம் என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு: இதை இரைப்பை முறுக்கு என்று எடுத்துக்கொள்வது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி, முறுக்கிக்கொண்டு நிஜமாகவே இடம் புரளும். சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் அவசரம் அது. ‘இடம்பெயர்ந்த’ என்பதை அதற்கு வைத்துக்கொண்டால்கூடத் தகும்.

நம் வேற்றிடத் திசு செய்கிற கெடுதல் வேறு வகை. இரைப்பையில் இருந்தால் என்ன செய்யுமோ, அதையே குடலிலும் செய்கிறது: அமிலம் சுரக்கிறது. இரைப்பைக்கு அதைத் தாங்கக் கோழைப்படலம் இருக்கிறது. பக்கத்துக் குடல் சுவருக்கு அந்த அளவு காப்பு இல்லை. புண் வருகிறது, ரத்தம் கசிகிறது, மலம் கறுத்துப் போகிறது, நாய்க்குச் சோகை பிடிக்கிறது. சிலவற்றில் குடல் ஓட்டையாகிவிடும். எந்தத் தொல்லையும் தராமல் சும்மா கிடப்பதும் உண்டு.

‘அயல் திசு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அயல் என்றதும் விழுங்கிய எலும்பும் பந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். இதுவோ நாயின் சொந்தத் திசு. ‘திரிபுத் திசு’ என்பதையும் ஏற்க மாட்டேன். திரிபு என்பது ஒன்று இன்னொன்றாக மாறுவது. குடலில் நாள்பட்ட புண் இருந்தால், அங்குள்ள சவ்வு இரைப்பைச் சவ்வு மாதிரி மாறுவது தனிக்கதை. அதற்கு மெட்டாபிளேசியா என்று வேறு பெயர் இருக்கிறது. திரிபு அதற்குப் பொருந்தும். நுண்ணோக்கியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். வழக்கமான சாயம் ஏற்றிய வேற்றிடத் திசுவில் அமிலம் சுரக்கும் செல்கள் இளஞ்சிவப்பாகக் குண்டு குண்டாக நிற்கும், அவற்றையொட்டிச் செரிமான நொதிக்கான செல்கள் ஊதாவாக. திரிந்த சவ்வில் பொதுவாக மேலே கோழை சுரக்கும் செல்கள் மட்டும்தான்.

தூய தமிழ் அன்பர்கள் ‘திசு’வையே தூக்கிவிட்டு ‘இழையம்’ என்று எழுதச் சொல்வார்கள். இலங்கைப் பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது, அழகான சொல்தான். ஆனால் மதுரையில் ரத்தம் போகிற நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் இழையம் என்றால் விழிப்பார். திசு என்றால் புரியும், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். எனக்கு அதுபோதும். உள்சவ்வைச் ‘சளிச்சவ்வு’ என்று எழுதுவதைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். அதைக் கேட்டவர்கள் நாய்க்குச் சளி மருந்து வாங்கப் போகிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன்னால் உறுப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். நாய்க்காரர் கையில் கொடுக்கும் தாளில் இப்படி எழுதலாம்: ‘சிறுகுடலில் வேற்றிட இரைப்பைத் திசு உள்ளது. பிறவியிலேயே அமைந்தது. அமிலத்தால் பக்கத்தில் புண் ஆகியிருக்கிறது. அந்தக் குடல் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.’