காலி மனைப் புதரும் தெருக்காரர்களின் கையெழுத்தும்

புதர் மண்டிய காலி மனையைப் பற்றி என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “சார், கேஸ் போடலாமா?” நான் திருப்பிக் கேட்பது, “இடம் யாருடையது என்று பார்த்தீர்களா?” பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வே எண் தெரிந்தால் போதும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்த இடத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்), வருவாய்த்துறை தளத்தில் பட்டா, இரண்டையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

உரிமையாளர் கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரியவரும். ஒரு தெருவில் இப்படித்தான், மனை பாகப்பிரிவினை வழக்கில் கிடந்தது. அண்ணன் தம்பிகள் யாருக்கும் அதில் பத்து ரூபாய் போட மனமில்லை. தெருக்காரர்கள் தாங்களே சுத்தம் செய்து தருகிறோம் என்றபோதும் மூத்தவர் சம்மதிக்கவில்லை. “இன்னைக்கு புதர் வெட்டுவீங்க, நாளைக்கு இடம் எங்களதும்பீங்க” என்றார்.

அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். 12 ஆண்டுகள் எதிரிடை அனுபவத்தில், அதாவது உரிமையாளரின் அனுமதியில்லாமல் வெளிப்படையாகத் தொடர்ந்து ஒருவர் கைவசம், இடம் இருந்தால் உரிமையே கைமாறலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு நுழைவது எதிரிடை அனுபவம் ஆகாது. அதையே எழுத்தில் கொடுத்தோம்: சுத்தம் செய்ய மட்டுமே நுழைகிறோம், எந்த உரிமையும் கோர மாட்டோம், வண்டி நிறுத்த மாட்டோம், கோயில் கட்ட மாட்டோம், எல்லைக் கல்லைத் தொட மாட்டோம். எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் தம்பிகளும் போட்டார்கள். ஜேசிபி வாடகையைத் தெருவே பகிர்ந்துகொண்டது. சீமைக் கருவேலத்தை அகற்றியபோது, கைப்பிடிச் சுவர் இடிந்த ஒரு கிணறு வெளிப்பட்டது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் தெருவோரத்திலிருந்து நாலடி தூரம்கூட இல்லை.

உரிமையாளர் மசியாவிட்டால்? முதலில் உள்ளாட்சிக்கு மனு. தனி ஆளாகக் கொடுக்காதீர்கள், அது அக்கம்பக்கத்துச் சண்டையாகிவிடும். எல்லா வீட்டுக் கையெழுத்தும், தேதியிட்ட படங்களும், ஒப்புகையுடன் விரைவுத் தபாலும் வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகவே பதிவு செய்யலாம். அப்படியும் அசையாவிட்டால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது உட்கோட்ட நடுவராகவும் இருக்கும் வருவாய்க் கோட்டாட்சியரிடம், போகலாம். பொதுத் தொல்லையை அகற்றவும், இடியும் நிலையிலுள்ள கட்டடத்தை இடிக்கவும், பொதுவழியை ஒட்டிய கிணற்றுக்கு வேலி போடவும் உத்தரவிட பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் சாக்கடை நாற்றம் தாங்காத ஒரு வார்டு மக்கள் அதை வைத்துத்தான் நடுவரிடம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. காசில்லை என்ற நகராட்சியின் வாதத்தை 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை.

ஒரு தடவை வெட்டினால் புதர் திரும்ப வரும், குப்பை போடுகிறவரும் வருவார். தேங்கிய நீரில் டெங்கு கொசு உருவாக 7 முதல் 10 நாள் போதும். அதனால் அனுமதிக் கடிதத்திலேயே, ஆண்டுதோறும் அக்டோபர் மழைக்கு முன் சுத்தம் செய்யவும் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.