கார்பன் நானோகுழாய்க் குப்பியைத் திறக்கும் முன்

எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி அன்று கார்பன் நானோகுழாய்த் தூளை, அதாவது கார்பன் அணுக்களாலான மிக மிக மெல்லிய குழாய்களின் தூளை, எடை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேட்டுலாவை வெளியே எடுத்ததும் தூள் நுனியில் நிற்கவில்லை. நிலைமின்சாரத்தால் சிலிர்த்துக்கொண்டு கையுறையில் ஒட்டியது. பேலன்ஸின் கண்ணாடியில் மெல்லிய கருப்புப் படலமாகப் படிந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். பதறிப்போய்த் தடுத்தபோது, "வெறும் கரிதானே சார்?" என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டியது நாங்கள்.

நாங்கள் செய்வது நொதி எரிபொருள் மின்கலம். பிளாட்டினத்துக்குப் பதிலாக நொதிகளே இதில் வினையூக்கி. ஒரு முனையில் குளுக்கோஸ் எலக்ட்ரானைக் கொடுக்கும், மறு முனையில் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், நொதி ஒரு புரதம், மின்சாரத்தைக் கடத்தாது. அதன் உள்மையத்துக்கும் மின்முனைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டருக்கு மேல் போனால் எலக்ட்ரானால் தாண்ட முடியாது. ஆக்சிஜன் பக்கத்தில் வேலை செய்யும் லாக்கேஸ் நொதியில், எலக்ட்ரானை வாங்கும் செம்பு அணு மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறது. ஆனால் தட்டையான மின்முனையில் நொதிகள் ஏறுக்குமாறாக உட்காரும். முதுகைக் காட்டி உட்கார்ந்தவற்றால் பயனில்லை. நானோகுழாயின் சுவரில் ஆந்த்ரசீன் மூலக்கூறுகளைப் பிணைத்துவிட்டால், அவை செம்புக்கு அருகிலுள்ள குழிக்குள் நுழைந்து நொதியைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் தூளில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருப்பதால் நொதிக்கு இடப் பஞ்சமும் இல்லை.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் செர்ஜ் கொஸ்னியேயின் குழு 2011-இல் நானோகுழாயையும் நொதியையும் சேர்த்து அழுத்தி வில்லைகளாக்கி, சதுர சென்டிமீட்டருக்கு 1.3 மில்லிவாட் எடுத்துக் காட்டியது. 2013-இல் அத்தகைய கலம் எலியின் உடலுக்குள்ளிருந்தே ஒரு எல்இடியை எரிய வைத்தது. (குளுக்கோஸ் பக்கத்து நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸிலிருந்து எலக்ட்ரான் நேரடியாகக் குழாய்க்கு வருகிறது என்பதற்குச் சான்றே இல்லை என்று 2018-இல் பார்ட்லெட், அல்-லோலேஜ் என்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் சரியென்றே எனக்கும் படுகிறது.)

இத்தனைக்கும் உதவுகிற அதே வடிவம்தான் நுரையீரலுக்கு வினையாகிறது. நீளமான, விறைப்பான குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டாக்குவது போன்ற அழற்சி வந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் உடலின் விழுங்கணுக்களால் அவ்வளவு நீளமான இழையை முழுசாக விழுங்க முடிவதில்லை. குட்டையான, சிக்கலாகச் சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2014-இல் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு நானோகுழாய் வகையை மட்டும் 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. மற்றவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்றது. சான்று இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். எங்கள் எடை அறை சுமார் 60 கன மீட்டர். அந்த மாணவி எடுத்தது 10 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்குகூடப் பறக்க வேண்டாம், அறை முழுக்க வரம்பு தாண்டிவிடும்.

இப்போது எங்களிடம் எடை போடுவது இப்படி: மூடிய காலிக் குப்பியை முதலில் எடை போட்டு, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் தூளைப் போட்டு மூடி, வெளியே ஈரத்துணியால் துடைத்து, மறுபடி எடை. கரைப்பானையும் ஹூடுக்குள்ளேயே ஊற்றுகிறோம். முடிந்தவரை தூளாக வாங்காமல் திரவத்தில் கலந்த நிலையிலேயே வாங்குகிறோம். என்95 மாஸ்க் கட்டாயம். சிந்தினால் துடைப்பம் தொடக்கூடாது, ஈரத்துணிதான். தூளை ஒலியலையால் திரவத்தில் கலக்கும் சோனிகேட்டர் ஓடும்போதும் குப்பி மூடியே இருக்கும்.

பலர் கோட்டை விடுவது காய்ந்த துளியில். மின்முனைமேல் விட்ட மை (திரவத்தில் கலந்த நானோகுழாய்) உலர்ந்ததும் விளிம்பு கருப்பு வளையமாகத் தடித்து நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயரும். ஒரு சொட்டு தண்ணீர் விட்டு, ஊறிய பிறகு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அந்த டிஷ்யூவையும் சாதாரணக் குப்பையில் போடாமல் ஜிப் கவரில் அடைத்து, ரசாயனக் கழிவோடு சேருங்கள்.