அம்மாவின் கிட்னியும் ஏழு மணி மாத்திரையும்

தாராவியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மா தம்பிக்குக் கிட்னி கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.2-லேயே நிற்கிறது. உடம்புதான் ஏற்றுக்கொண்டதே, மாத்திரையை நிறுத்தினால் என்ன?"

உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, மாத்திரை அதன் எதிர்ப்பைத் தடுத்து வைத்திருக்கிறது. செல்லுக்கு அடையாளம் தரும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள் அம்மாவிடம் இரண்டு தொகுதி. தம்பிக்கு வந்தது ஒன்று. இன்னொன்று அவன் உடம்புக்கு அந்நியம். 1954-ல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் முர்ரே ஒட்டிய சிறுநீரகம் ஒரே கரு இரட்டையருடையது, அதனால் இந்தத் தகராறு எழவில்லை.

கொடையாளரின் வயது, உறுப்பு பனியில் காத்திருந்த நேரம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே ஆயுளைத் தீர்மானிப்பவைதான். ஆனால் ஆறாவது வருஷத்தில் நம் கையில் இருப்பது அந்த மாத்திரை, டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் 1984-ல் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து.

அந்நிய அடையாளத்தைக் கண்டதும், நோயெதிர்ப்புப் படையின் வெள்ளையணுவான டி செல்லுக்குள் கால்சியம் ஏறும். கால்சிநியூரின் என்ற நொதி விழித்து, படை திரட்டும் உத்தரவை உட்கருவுக்கு அனுப்பும். டாக்ரோலிமஸ் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. ரத்தத்தில் மருந்து அடிக்கடி குறைந்தால் கட்டு தளரும். டி செல் தூண்ட, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் அம்மாவின் அடையாளத்துக்கு எதிராக ஆன்டிபாடி என்ற தாக்கும் புரதத்தைச் செய்யும். அது சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரில் போய் ஒட்டும். சுவர் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்படும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சால் எனும் வரிசைக் குடியிருப்பின் சுவரில் பூச்சுமேல் பூச்சு ஏறுமே, அப்படி அடுக்கடுக்காகத் தடிக்கும். பிறகு சிறுநீரில் புரதம் கசியும். இத்தனை நடந்தும் கிரியேட்டினின் அசையாமல் இருக்கலாம், மிச்சமுள்ள வடிகட்டிகள் கூடுதலாக உழைப்பதால். பின்னால் ஒழுங்காக மாத்திரை போட்டாலும், அந்நியத்தை நினைவில் வைத்திருக்க உருவான நினைவுச் செல்களை அது அழிக்காது.

ஆகவே 1.2 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மாலை ஏழு மணிக்கு விரார் லோக்கல் ரயிலில் நிற்பவர் பையிலேயே ஒரு மாத்திரைப் பட்டை இருக்கட்டும். எதிர்ப்பு சக்தி கூட்டும் என்று விற்கும் லேகியம் வேண்டவே வேண்டாம். தூங்கட்டும் என்று நாம் விட்ட சக்தியை எழுப்பவா?

மும்பையில் ஆபரேஷனுக்கு உதவும் டிரஸ்டுகள் உண்டு. ஆறாம் வருஷ மாத்திரைக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் லெவல் பரிசோதனைக்கும் அரசுப் பணம் வந்தாக வேண்டும் என்பேன். கொடுத்த கிட்னியை இழந்தால் மறுபடி டயாலிசிஸ்தான்.

அப்புறம், மழைக்கால வயிற்றுப்போக்கு. மருந்தைச் சிதைக்கும் நொதி குடல் சுவரில் இருக்கிறது. குடல் புண்பட்டால் அது குறைந்து, லெவல் ஏறிவிடும். பம்பளிமாஸும் அதே நொதியை முடக்கும், அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தம்பி தானாக டோஸைக் குறைக்காமல் டாக்டரைக் கூப்பிட்டு லெவல் பார்க்கட்டும்.