தராசில் ஏறிய பையன்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 13 வயது, உயரம் 150 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. எடை தெரியவந்த விதம்தான் அவருக்கு வருத்தம். கொழுந்து நிறுக்கும் தராசில் கூட்டாளிகள் அவனைத் தொங்கவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டான். மூன்றாம் வாரம் முன்பைவிட அதிகமாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டான். "அவனுக்கு மனவுறுதி இல்லையா? வெறும் வயிற்றில் தேனும் தேசிக்காயும் கொடுத்தால் கொழுப்புக் கரையுமா?" என்று கேட்கிறார்.

பையனைக் குறை சொல்லாதீர்கள். அவன் மோதியது மனவுறுதியைவிடப் பலமான ஒன்றோடு.

செலவழிப்பதைவிட அதிகமாக உண்டால் மிச்சம் கொழுப்பாகச் சேரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை என்பது பாடத்தில் வராது. அதை ஒரு ஸ்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை. கையிருப்பு எவ்வளவு என்று எழுதி, இரத்தத்தின் வழியே மூளையின் அடியில் அமர்ந்திருக்கும் ஹைப்போதலமஸ் என்ற துரைக்குத் துண்டு அனுப்பியபடியே இருக்கிறார். அந்தத் துண்டின் பெயர் லெப்டின்.

இது வெளிப்பட்ட கதை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் இரண்டு வகைக் குண்டுச் சுண்டெலிகள் இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஓயாமல் தின்னும். டக்ளஸ் கோல்மன் என்பவர் எலிகளை இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் போகும்படி செய்தார். முதல் வகையைச் சாதாரண எலியோடு இணைத்தபோது குண்டெலி தீனியைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகையை இணைத்தபோது குண்டெலிக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஒட்டியிருந்த சாதாரண எலிதான், பாவம், உணவைத் தொடாமல் பட்டினியில் செத்தது. கடைசியில் இரு குண்டெலிகளையும் இணைத்தார். முதல் வகை மெலிந்து மடிந்தது. இரண்டாவது கொழுகொழுவென்றே இருந்தது.

விடை புரிகிறதா? முதல் எலியில் துண்டு எழுத ஆளில்லை. இரண்டாம் எலியில் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன, துரைக்கு வாசிக்கத் தெரியவில்லை. லெப்டினை எவரும் கண்டிராத காலத்தில், எலிகளின் பசியை மட்டும் வைத்துக் கோல்மன் இதைச் சொன்னார். ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதற்குரிய மரபணுவைப் பிடித்தது 1994இல்தான்.

மஸ்கெலியாப் பையன் இந்த இரண்டு எலிகளைப் போன்றவனல்ல. உடல் பருத்த பெரும்பாலானோரிடம் லெப்டின் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் துரைமார் குணம் நமக்குத் தெரியாததா? கையிருப்பு ஏறினால் கண்டுகொள்ள மாட்டார். குறைந்தால் மட்டும் கூச்சல் போடுவார். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் லெப்டின் சரிகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று வாசித்துப் பசியைக் கூட்டுகிறது, உடலின் செலவைச் சுருக்குகிறது. மூன்றாம் வாரம் நடந்தது இதுதான்.

வளரும் பிள்ளைக்கு ஒரு நல்ல வழி திறந்தே இருக்கிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனும் உடல் நிறைச் சுட்டெண், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். அவனுக்கு அது இப்போது 25.8. எடை 58இலேயே நிற்க, உயரம் 160 ஆனால் அது 22.7. ஒரு கிலோகூட இழக்காமல், துரையின் கூச்சலைக் கிளப்பாமல், உயரமே கணக்கைச் சரிசெய்கிறது. வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவுகோல் இங்கே பொருந்தாது.

எடையை அப்படி நிறுத்தி வைக்க ஆள் துணை வேண்டும். பருமனான பிள்ளைகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையுமாகக் குறைந்தது 26 மணி நேரம் கொடுத்தால்தான் பலன் தெரிகிறது என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2017இல் கூறியது. கிளினிக்கில் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். சனிக்கிழமைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் அரை வருடம் ஆகும். பேனருக்கும் திறப்பு விழாவுக்கும் காசு ஒதுக்குகிறவர்கள், சனிக்கிழமைதோறும் மலையேறி வரும் ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை. தோட்டத்துப் பிள்ளை என்றாலே எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும் என்று அவர்கள் இன்னும் நினைக்கிறார்கள் போலும்.

லயத்தில் ஒருவன் மட்டும் தனியாகப் பத்தியம் இருக்கவும் முடியாது. பக்கத்துக் காம்பராவில் ரொட்டி சுடும் மணம் சுவர் தாண்டி வரும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி பிளேன்டீ குடிப்பது வரிசை முழுவதற்கும் வழக்கம். சீனியைக் குறைப்பதென்றால் எல்லா வீட்டிலும் குறைய வேண்டும். மாலையில் கரப்பந்தாட்டத்துக்கு அவனையும் சேர்த்துக்கொள்ளட்டும், பள்ளிக்கு ஓட்டோவை விட்டுக் குறுக்குப் பாதையில் கூட்டமாக நடக்கட்டும். எடை பார்ப்பது மட்டும் தனியறையில் நடக்கட்டும். கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று நாரால் தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்.

தேன் கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது, அதுவும் சீனிதான். தேசிக்காயைச் சம்பலில் பிழிந்துகொள்ளுங்கள்.